ஸ்கிராப் பெட்டிக்குப் போன துண்டு

போத்தனூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஒர்க்‌ஷாப் டெக்னீஷியன் வேலை எனக்கு. பன்னிரண்டாம் வகுப்புத் தொழிற்பிரிவுப் பிள்ளைகள் செய்முறைத் தேர்வுக்கு இரண்டு இரும்புத் துண்டுகளை அரத்தால் ராவி, ஒன்றுக்குள் ஒன்று பொருத்தித் தர வேண்டும். இன்றைக்கு ராவி முடித்தால் மறுநாள் வெளியிலிருந்து தேர்வாளர் வந்து மார்க் போடுவார். நடுவில் நான் செய்ததைக் கேட்டால் காறித் துப்புவீர்கள். சுமாராக வந்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, நானே செய்து வைத்திருக்கும் துண்டுகளில் அவரவர் நம்பரைக் குத்தி அடுக்கிவிடுவேன். யாரும் என்னிடம் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கு உபகாரம் செய்கிறோம் என்று பெருமை வேறு.

போன வருஷம் வகுப்பில் ஒரே ஒரு பெண். தலை நிமிராமல் ராவி முடித்துவிட்டு, "நாளைக்கு மார்க் போட வர்றவரு இதைப் பாப்பாருங்களா சார்?" என்று கேட்டாள். பார்ப்பார் கண்ணு என்றேன்.

மறுநாள் காலையில் பையன்கள் செய்ததை ஒவ்வொன்றாக, இடுக்கில் வெளிச்சம் கசிகிறதா என்று பிடித்துப் பார்த்தேன். அவளுடையதைப் பார்க்கக்கூட இல்லை. பொம்பளைப் பிள்ளை என்னத்தை ராவியிருக்கப் போகிறது என்று நேராக ஸ்கிராப் பெட்டியில் வீசினேன். முந்திரிக்கொட்டை புத்தி.

தேர்வாளர், நான் அவள் நம்பர் குத்தி வைத்த என் துண்டை எடுத்துப் பார்த்து மெச்சினார். நீயே ராவியதா என்று கேட்டார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இல்லீங்க சார். நம்பர் என்னுதுதான், இது நான் செஞ்சதில்லீங்க."

அவர் என்னைப் பார்த்தார். அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"புள்ள பயத்துல என்னமோ ஒளறுதுங்க," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே முழு மார்க் போட்டார். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் போன பிறகு ஸ்கிராப் பெட்டி முன்னால் உட்கார்ந்து கிளற ஆரம்பித்தாள். இரும்புத் தூளில் கை கறுத்தது. அவளுடைய இரண்டு துண்டுகளையும் கண்டுபிடித்து, துடைத்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். நானும் பார்த்தேன். இடுக்கில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை. என்னுடையதில்கூட ஓரத்தில் லேசாகத் தெரியும்.

"இதைப் பாத்தீங்களா சார்?"

"இல்ல கண்ணு," என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் துண்டுகளைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பி, "வாரேனுங்க சார்," என்று எப்போதும்போல மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.