எல்லைக்கு அப்பால் விழுந்த பன்றி

ஓடாமல் நடக்கச் சொல்லியிருந்தார் அப்பா. அதனால் நடந்துகொண்டிருந்தேன். ஊருக்குள் நுழையாமல் வாய்க்கால் கரையோடு கிழக்கே திரும்பியபோது காலை வெயில் நேராக முகத்தில் அடித்தது. வலது கையில் பன்றியின் ரத்தம் காய்ந்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பின்னால் யாரோ அதட்டும் குரல் கேட்டது. நான் திரும்பவில்லை. அப்போது எனக்குப் பதினோரு வயது. அதன் பிறகு எத்தனையோ ஊர்களைச் சொல்லிக்கொண்டும் சொல்லாமலும் விட்டுப் போயிருக்கிறேன். மடுகரையை விட்டுப் போனது இப்படித்தான்.

அந்த வருஷம் காட்டுப்பன்றிகள் எங்கள் கரும்பில் பாதியைத் தின்றுவிட்டன. தின்றது கொஞ்சம், முறித்துப் போட்டது அதிகம். பகலெல்லாம் அவை ஆற்றோரத்துப் புதர்க்காட்டில் படுத்துக் கிடக்கும். அந்தக் காடு சர்க்கார் புறம்போக்கு. ஆடு மேய்க்கலாம், சுள்ளி பொறுக்கலாம். துப்பாக்கியோடு நுழைய வேண்டுமானால் பிரெஞ்சு ராஜாங்கத்தின் கொம்யூன் ஆபீசில் எழுதிக்கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு வைத்திருப்பவனும் வாரத்தில் இரண்டு நாள்தான் உள்ளே போகலாம். சீட்டோடு கம்பி கோத்த ஓர் ஈயவில்லை கொடுப்பார்கள். அதில் சீட்டின் எண் குத்தியிருக்கும். ஒரு வில்லைக்கு ஒரு பன்றி. சுட்ட பன்றியை விழுந்த இடத்திலிருந்து ஒரு முழமும் நகர்த்துவதற்கு முன் வில்லையைப் பின்னங்காலில் கட்டி, கல்லால் நசுக்கி இறுக்கிவிட வேண்டும். வில்லையில்லாத பன்றியோடு பிடிபட்டால் சீட்டும் போச்சு, துப்பாக்கியும் போச்சு.

இதையெல்லாம் ஆபீஸ் சுவரில் பிரெஞ்சிலும் தமிழிலும் ஒட்டியிருந்தார்கள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவன். மூன்று முறை படித்துக் காட்டச் சொன்னார். மூன்றாவது முறை நான் சுவரைப் பார்க்காமலே சொன்னேன். எங்கள் ஊரில் அந்த விதியை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை என்ற எண்ணம் எனக்கு அன்றே வந்துவிட்டது.

பன்றிக்கு அந்த விதி தெரியாது. எங்கள் கரும்பு பிரெஞ்சு எல்லை. கரும்பு முடிகிற இடத்தில் ஒரு கல், கல்லுக்கு மேற்கே இங்கிலீஷ் எல்லை. எங்களுக்குக் கொடுத்த சீட்டு அந்தப் பக்கம் செல்லாது. துப்பாக்கியோடு கல்லைத் தாண்டினால் ஜெயில். ஆனால் அடிபட்ட பன்றி எந்தத் திசையில் ஓடும் என்று யார் சொல்ல முடியும்? அதற்காக இரண்டு பக்கத்துக் குடியானவர்களும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ரத்தம் விழுந்த மண்ணுக்குப் பன்றி, உயிர் விழுந்த மண்ணுக்கு ஒரு பின்தொடை. சுட்டவன் துப்பாக்கியைக் கல்லில் சாத்திவிட்டு வெறுங்கையோடு தாண்டிப் போவான். அந்தப் பக்கத்து ஆளும் சேர்ந்து பன்றியைத் தூக்கிவந்து கல்லுக்கு இந்தப் பக்கம் போடுவான். வில்லையை இங்கே கொண்டுவந்துதான் கட்டுவார்கள். இது எந்தச் சுவரிலும் ஒட்டப்படவில்லை. அதனால் எனக்குத் தெரியாது.

அப்பா என்னை வேட்டைக்குக் கூட்டிப்போனது அன்றுதான் முதல் தடவை. விடிந்தும் விடியாத நேரம். காட்டிலிருந்து கரும்புக்கு வந்த ஒரு கிடாப்பன்றியை அவர் சுட்டார். அது எங்கள் வரப்பில் உருண்டு, எழுந்து, கல்லைத் தாண்டி நாற்பது ஐம்பது அடி ஓடிக் கம்பங்கொல்லை ஓரத்தில் விழுந்தது. அந்தக் கொல்லைக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். உறவில்லை, பழக்கம்தான். சத்தம் கேட்டு அவர் பல் விளக்கிய குச்சியோடு வந்தார்.

"இன்னா மச்சான், ஒன் பன்னிக்குச் சாவறதுக்கு எங்க ஊருதான் புடிச்சிருக்குது போல" என்றார்.

"ஒனக்குத் தொட வேணும்னு அதுக்குத் தெரிஞ்சிக்குது" என்றார் அப்பா. அப்பா சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

துப்பாக்கி கல்லில் சாய்ந்திருந்தது. பன்றியை இரண்டு ஆள் வெறுங்கையால் தூக்க முடியாது. தடிக்கம்பும் கயிறும் வேண்டியிருந்தது. மாமாவின் கொட்டாயில் கம்பு இருந்தது. ஈயவில்லை எங்கள் வீட்டில் இருந்தது. பன்றி விழுமுன் வில்லையை இடுப்பில் முடிந்துகொண்டு போனால் குறி தப்பும் என்பது வேட்டைக்காரர்களின் நம்பிக்கை. அப்பா என்னை வீட்டுக்கு விரட்டினார். அவர்கள் இருவரும் கம்பு எடுக்கப் போனார்கள்.

நான் ஓடிப்போய் அம்மாவிடம் வில்லையை வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். அவர்கள் இன்னும் வரவில்லை. பன்றியும் நானும்தான். அதன் கண் திறந்திருந்தது. எனக்குப் பயம் பன்றியைப் பார்த்து அல்ல. அவர்கள் வந்ததும் தூக்கிவிடுவார்கள், வில்லையில்லாமல் நகர்த்துவார்கள், யாராவது பார்த்தால் அப்பாவின் சீட்டுப் போய்விடும் என்று பயந்தேன். விதியில் ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருந்தது. பின்னங்காலில் கம்பியைச் சுற்றினேன். முறுக்கினேன். ஒரு கல்லின் மேல் வில்லையை வைத்து இன்னொரு கல்லால் நசுக்கினேன். மூன்று அடி போதும். நான் ஏழெட்டு அடித்தேன். பள்ளிக்கூடம் போனதற்கு ஒரு பயன் கிடைத்தது என்று அப்பா சொல்வார் என நினைத்தேன்.

கம்போடு வந்த அப்பா காலைப் பார்த்தார்.

"இன்னாடா பண்ண?"

"கட்டிட்டேம்பா. வியுந்த எடத்துலயே கட்டணும்னு போட்டுக்குது இல்ல?"

"படிச்ச புள்ள மச்சான்" என்றார் மாமா. அவர் சிரிக்கவில்லை.

எங்கள் எண் பூட்டிய பன்றி அந்தப் பக்கத்து மண்ணில் எவன் கண்ணில் பட்டாலும் அங்கேதான் சுட்டோம் என்று ஆகிவிடும். அப்பா கம்பியைப் பிடித்து இழுத்தார். கத்தி முனையை உள்ளே விட்டு நெம்பினார். முனை உடைந்தது. ஈயம் கம்பியோடு ஒன்றாகக் குழைந்திருந்தது. பிறகு காலையே அறுக்கத் தொடங்கினார். எலும்பு வரைக்கும் போய்விட்டார். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். என் கையில் ரத்தம் பட்டது அப்போதுதான். கணுவில் கத்தி சிக்கி நின்றபோது மாமா மெதுவாக, "மச்சான், ஏட்டு வரான்" என்றார்.

தூரத்து வரப்பில் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். இங்கிலீஷ் போலீஸ். வெடிச்சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கிறது. மாமா குச்சியைத் துப்பிவிட்டு, கும்பிட்டபடி அவர்களை எதிர்கொண்டு போனார். அப்பா ஓடியிருக்கலாம். ஓடினால் என்ன, அவருடைய எண் பன்றியின் காலில் இருந்தது. அதைக் கட்டியவன் நான்.

"எந்திரி" என்றார். என்னைப் பார்க்காமல் கத்தியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஓடாத, நட. ஓடனா தொரத்துவானுங்க. வூட்டுக்குப் போவாத. பாகூரு அத்த வூட்டுக்குப் போ. வழியில எவன் கேட்டாலும் என் புள்ளன்னு சொல்லாத. நீ என் புள்ள இல்ல. போடா."

போனேன்.

மடுகரையிலிருந்து பாகூருக்கு நடந்தால் பிரெஞ்சு ஊரும் இங்கிலீஷ் ஊரும் மாறி மாறி வரும். ஒரு வாய்க்காலைத் தாண்டினால் வேறு ராஜாங்கம். அன்று ஒவ்வொரு எல்லைக்கல்லையும் தாண்டும்போது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஒரு குட்டையில் கையைக் கழுவினேன். நகத்தடியில் இருந்தது போகவில்லை. மத்தியானம் ஒருத்தி கூழ் கொடுத்தாள். யார் பிள்ளை என்று கேட்டாள். குடித்து முடித்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன்.

பொழுது சாயும்போது அத்தை தெருவுக்குப் போய்ச் சேர்ந்தேன். அத்தை வாசலில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவோடு பிறந்தவள். நடக்க நடக்க அப்பா சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். அவருடைய பிள்ளை இல்லையென்றால் இவள் எனக்கு எப்படி அத்தை? நான் செய்ததற்கு அப்பா கொடுத்த தண்டனை அது என்றும், தண்டனையை ஒழுங்காக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் எண்ணினேன். அவள் தலை நிமிர்வதற்குள் திரும்பி ஏரிக்கரைச் சாவடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

எட்டு வருஷம் கழித்து விழுப்புரம் சந்தையில் மாமா என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவர் சொல்லித்தான் மிச்சம் தெரியும். கல்லில் சாய்ந்திருந்த துப்பாக்கியை ஏட்டே எடுத்துவந்து பன்றியின் பக்கத்தில் வைத்தார். வில்லை இங்கிலீஷ் பக்கத்தில் கட்டியிருந்ததால், துப்பாக்கியும் இங்கிலீஷ் பக்கம்தான் இருந்தது என்று வழக்கு முடிந்தது. யார் கட்டியது என்று கேட்டதற்கு, தானேதான் என்றாராம் அப்பா. பிள்ளைகள் உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றாராம். ஒரு வருஷம் போட்டார்கள். எட்டாவது மாதம் ஜெயிலில் பேதி கண்டு போய்விட்டார்.

"நீ அங்க இருந்தா ஒன்னத்தான்டா சாட்சியாக்குவானுங்க" என்றார் மாமா. "ரெண்டு அறை வுட்டா துப்பாக்கியோட தாண்டனாருன்னு நீயே சொல்லிடுவ. அப்பன வெச்சிப் புள்ளய அடிப்பான், புள்ளய வெச்சி அப்பன அடிப்பான். அது அவருக்குத் தெரியும்."

அம்மா எங்கே என்று கேட்டேன். அவளும் அப்போது உயிரோடு இல்லை.

அன்று பாகூர் சாவடியில் படுத்தவன் மறுநாள் காலை விழித்தபோது ஏரிக்கரையில் ஆள் நடமாட்டம் இருந்தது. புதுச்சேரியிலிருந்து நாலைந்து துரைமார் வாத்து சுட வந்திருந்தார்கள். அவர்களிடமும் சீட்டு இருந்தது. ஏரிக்குள் படகு விடக் கூடாது என்று அவர்களுக்கும் ஒரு விதி இருந்தது. அதனால் விழுந்த வாத்தை எடுத்துவர ஆள்தான் இறங்க வேண்டும். தலைப்பா கட்டிய மேஸ்திரி ஒருவர் பையன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீந்துவியாடா?"

"நீந்துவேன்."

"யாரு வூட்டுப் புள்ள?"

"யாருமில்ல."

"அதுவும் நல்லதுதான். முங்கிப் போனா எங்கிட்ட வந்து கேக்க ஆளில்ல" என்று சொல்லி என் முதுகைத் தட்டினார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேட்டியை அவிழ்த்துக் கரையில் வைத்துவிட்டுக் கோரைக்குள் இறங்கினேன். அம்மா இரவு முழுக்க நடந்து அந்த நேரத்தில் அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். என்னைக் காணாமல் ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவிலிருந்து ஏரி கூப்பிடு தூரம்தான். இதுவும் மாமா சொல்லித் தெரிந்ததே. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் குளிர்ந்திருந்தது, காலடியில் சேறு இழுத்தது, அவ்வளவுதான். முதல் வெடி வெடித்தது. பறவைகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. அவற்றின் கூச்சலில் கரையில் யார் யாரைக் கூப்பிட்டாலும் கேட்டிருக்காது. நான் வாத்து விழுந்த இடத்தைப் பார்த்து நீந்தத் தொடங்கினேன்.