நவம்பர் வரைக்கும்

பம்பின் மூக்கைக் கழற்றி, வாயில் வைத்து ஊதுகிறாள். அடைத்திருந்த கசடு தெறிக்கிறது. துப்பிவிட்டு மறுபடி திருகி, ஆகாயத்தாமரை இலைகளின் மேல் களைக்கொல்லி மருந்தைப் பொழிகிறாள். அடைப்பு எடுக்க ஊசி கொடுத்திருக்கிறார்கள். “ஊசியத் தேடுற நேரத்துல ஒரு பம்பு அடிச்சிரலாம் லா” என்கிறாள்.

தாயம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. மலேசியாவில், கோலசிலாங்கூருக்கு வடக்கே, கடலோரச் செம்பனைத் தோட்டம். இந்தச் செடி கால்வாயை மூடினால் மதகு அடைபட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல் வரை தண்ணீர் ஏறும். எண்பத்து மூன்றாம் வருடம் வரை பத்து ஆட்கள் கொக்கி போட்டு இழுத்துக் கரையில் குவித்தார்கள். ஒரு துண்டு தண்ணீரில் தங்கினால் போதும், பதினைந்து நாளில் பழையபடி பச்சை. இப்போது ஆட்கள் இல்லை. ஒரு சம்பான் படகு, ஒரு பம்பு, தாயம்மா.

வலது கையில் இரண்டு நகங்கள் இல்லை. அதைக் கேட்டால் சிரிப்பாள். வெற்றிலை போடத் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் அந்த வாசனையே ஆகாது. மூக்கிலிருந்து ரத்தம் தொண்டைக்குள் இறங்குகிறது. வெறும் வாயால் துப்பினால், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பார்த்துவிடுவார். இப்போது எதைத் துப்பினாலும் சிவப்பு.

கரையில் குடை பிடித்து நிற்கும் மண்டோர் அப்பளசாமிக்கு அவள் வெற்றிலை போடுவது வேடிக்கை.

“கெழவியாயிட்டே தாயம்மா. தீவாளிக்கு வெத்தல இடிக்க ஒரல் வாங்கித் தரேன்.”

“ரெண்டா வாங்குங்க மண்டோரே. ஒங்களுக்கு மட்டும் பல்லு எங்க இருக்கு?”

கணவன் இறந்தபின் வீடு அவள் வேலையோடு ஒட்டியிருக்கிறது. மருந்தடிக்க முடியாவிட்டால் வேறு வேலை இல்லை என்று ஆபீசில் முன்பே சொல்லிவிட்டார்கள். வேலை இல்லாதவருக்கு லயத்தில் இடமில்லை. மகள் ரமணிக்கு நவம்பரில் எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு.

வியாழக்கிழமை தோட்டத்து மருந்தகத்துக்கு டிரெஸ்ஸர் குமாரசிங்கம் வந்தார். இருமலுக்குத் தண்ணி மருந்து கேட்டுப் போனவளை வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கடித்து, நெடுநேரம் பார்த்தார்.

“இது வெத்திலைப் புண் இல்லைப் பிள்ளை. இனி மருந்தடிக்கப் போகக் கூடாது, விளங்குதோ?”

“நவம்பர் வரைக்கும் அப்படி எழுதிக் குடுக்காதீங்கய்யா.”

“நவம்பருக்கு நீ இருக்கோணுமே.”

குமாரசிங்கம் மண்டோரிடம் கொடுக்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதித் தந்தார். அவள் அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். பிறகு, மேசையில் திறந்து கிடந்த, ஆபீசுக்குப் போகும் பெரிய பதிவுப் புத்தகத்தைப் பார்த்தாள்.

“அதுலயும் எழுதணுமாங்கய்யா?”

குமாரசிங்கம் பேனாவைத் தாளின் மேல் பிடித்தபடி இருந்தார். வாசலில் அடுத்த ஆள் இருமினான். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு. பெயர் வாசித்தபோது தாயம்மா கையைத் தூக்கினாள். மூன்றாம் கால்வாய் கொடுத்தார்கள். பதினொரு பம்பு அடித்தாள். மதகின் பக்கம் போன வாரம் கருகிய இடத்தில் புதிய கன்றுகள் மிதந்தன. சனிக்கிழமை அதை அடிக்கச் சொன்னார் மண்டோர். சீட்டை அவள் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.