மண்டோரம்மா தீவுக்குக் கூட்டிப்போன நாள்

லங்காவித் துறையில் நின்றிருந்த எங்கள் கப்பல் ஊதிய அந்த நொடியில், என் கால்கள் என்னைக் கேட்காமலே ஓடத் தொடங்கிவிட்டன. கையில் பாதி குடித்த இளநீர். "அம்மா, ஓடாதீங்கலா! இன்னும் நேரம் இருக்கு, விழுந்து வைக்கப் போறீங்க!" என்று மகள் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள். கப்பல்காரர்களின் சுற்றுலாவெல்லாம் வேண்டாம், நாமே டாக்சி பிடித்துத் தீவைச் சுற்றிப் பார்ப்போம் என்று சொன்னவள் அவள்தான். காலையிலிருந்து கடிகாரத்தையே பார்த்துப் பார்த்து வயலையும் மலையையும் சரியாகப் பார்க்காமல் விட்டவளும் அவள்தான். நேரம் தவறினால் கப்பல் போய்விடுமே என்று அவளுக்கு உதறல். எனக்கோ உற்சாகம் தலைக்கேறியிருந்தது. முஸ்லிம் ஜனங்கள் வாழும் ஒரு தீவுக்கு நாங்களாகவே கிளம்பிப் போய், குறித்த நேரத்துக்குள் திரும்புவதற்காக உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுவது எனக்கு இது இரண்டாவது முறை. முதல்முறை எங்களை விரட்டியது மண்டோரம்மாவின் கழுத்தில் தொங்கிய ஒரு பித்தளை விசில்.

அது வெள்ளைக்காரர்கள் மலாயாவில் அவசரகாலம் அறிவித்திருந்த சமயம். பெடாஸ் ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் புதுப்பெண்ணாக வந்து சேர்ந்து, பால்வெட்டுப் பழகிக்கொண்டிருந்த காலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒரே வாசல், அதில் துப்பாக்கியோடு காவலுக்கு ஒரு ஜாகா. வெளியே போகும்போது தூக்குச்சட்டியைத் திறந்து காட்ட வேண்டும்; கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்ப்பார்கள். மாலை ஆறு மணிக்கு வாசல் சாத்தினால் சாத்தினதுதான். அந்த வேலிக்குள் பெரிய குரல் உள்ளவர் ஒருவரே ஒருவர், எங்களை வேலை வாங்கும் மண்டோரின் மனைவி, மண்டோரம்மா. மண்டோர் கோழியைக்கூட "சூ" என்று அதட்டத் தெரியாத மனிதர். அவர் ஊதும் விசிலுக்கு நாங்கள் பயந்ததெல்லாம், அது அந்த அம்மாள் வீட்டிலிருந்து வருகிற விசில் என்பதால்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

வேலி வருவதற்கு முன் ஒரு நாள், மேட்டு ரப்பர் நிரைகளைப் பார்க்கப்போன மண்டோரைக் காட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். நான் வருவதற்கு முந்திய கதை. அந்த இரவு முழுக்க மண்டோரம்மா லயத்துக் குழாயடியில் நின்றிருக்கிறார். உட்காரச் சொன்னவர்களை எல்லாம் ஏசியிருக்கிறார். பெடாசில் கடை வைத்திருந்த பாய், மலாக்கா கடலுக்குள் இருக்கும் புலாவ் பெசார் தீவில் அடங்கியிருக்கும் பெரியவரை நினைத்துக்கொள்ளும்படி எப்போதோ சொன்னது நினைவுக்கு வர, "அவுக உசுரோட வந்தா நான் தனியா வர மாட்டேன், லயத்தையே கூட்டிக்கிட்டு வர்றேன்" என்று நேர்ந்துகொண்டாராம். விடியும்போது மண்டோர் மரங்களுக்கு நடுவிலிருந்து நடந்து வந்து, அவர் எதிரே நின்று, "வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். அங்கே என்ன நடந்தது என்று கடைசிவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

நேர்த்திக்கடன் அப்படியே நின்றது. வேலி போட்ட பிறகு கோயிலுக்குப் போகவே உத்தரவு கிடைக்காதபோது, தீவுக்கு யார் விடுவார்கள்? மண்டோரம்மா துரையின் பங்களாவுக்குப் போய்ப் பூச்செடிகளுக்கு நடுவே நின்றுவிட்டார். போகச் சொன்னாலும் போகவில்லை. மறுநாளும் போய் நின்றார். துரை நன்றாகவே தோட்டத்துத் தமிழ் பேசுவார். "ஆம்பள போக வேணாம். பொம்பள மட்டும் போ. ஆறு மணிக்கு கேட் உள்ள இருக்கணும். ஒரு ஆள் லேட், உன் புருசன் மண்டோர் இல்லே. வெறும் வெட்டுக்காரன். வீடும் இல்லே." மண்டோரம்மா சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். வந்து சொன்னபோது முதலில் பயந்தது நாங்கள்தான். மண்டோர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மனைவி கையில் கொடுத்தார். "எல்லாம் கடலப் பாத்தா செதறிப் போயிருங்க. இத வச்சுக்க" என்றார்.

இருட்டு பிரிந்ததும் லாரி கிளம்பியது. பின்னால் நாங்கள் பெண்கள் மட்டும், நெருக்கியடித்துக்கொண்டு. வேலிக்கு உள்ளே புருஷன்மார்கள் வரிசையாக நின்று எங்களைப் பார்த்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பெண்களை அனுப்பிவிட்டு ஆண்கள் ஜாமீன் இருந்த ஊரை யார் கண்டார்கள்? ஒரு பிடி அரிசியோ, ஒரு பொட்டலமோ எங்களிடம் இல்லை. வெற்றிலைப் பெட்டியைக்கூடக் கொட்டிப் பார்த்துத்தான் விட்டார்கள். பசி இருந்தது, ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அலோர் காஜா தாண்டியதும் யாரோ கும்மிப் பாட்டு எடுத்தார்கள். காற்றுக்குச் சேலையெல்லாம் பறக்க, ரப்பர் மரம் இல்லாத வெட்டவெளியைக் கண்டு நாங்கள் போட்ட கூச்சலில் டிரைவர் அண்ணன் இரண்டு முறை லாரியை நிறுத்தி என்னவென்று பார்த்தார்.

உம்பாய் கரையில் ஒரு மலாய்க்காரரின் மீன்பிடிப் படகு காத்திருந்தது. பாயின் ஏற்பாடு. தண்ணீர் படித்துறை வரை தளும்பிக்கொண்டிருந்தது. வீட்டுப் படியிலிருந்து இறங்குவது மாதிரி படகில் இறங்கினோம். நான் கடலைப் பார்த்தது அதுதான் முதல். வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தேன். அக்கரையில் தென்னை மரங்களும் பெரிய பெரிய பாறைகளும், மணலில் ஓடிவந்த பிள்ளைகளும். எங்கள் மூக்குத்திகளைப் பார்த்து அந்தப் பெண்களுக்கு ஆச்சரியம். அவர்கள் வீட்டு வாசலில் காய்ந்த கருவாட்டைப் பார்த்து எங்களுக்கு ஆசை. பெரியவர் அடங்கிய இடம் மரத்தடியில் நீளமாக, பச்சைத் துணி போர்த்தி இருந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சுற்றி நின்றோம். மண்டோரம்மா, பாய் கொடுத்தனுப்பிய பட்டுத் துணியைப் போர்த்தி, ஊதுபத்தி கொளுத்தி, மெதுவாகப் பேச வராத அந்தக் குரலிலேயே சொன்னார்: "சாமி, சொன்னபடி கூட்டிக்கிட்டு வந்துட்டேன். எங்க மாரியாத்தாகிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் வந்திருக்கோம். மத்தத நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க." எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சொல்லிவிட்டு அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்று யாரோ ஒரு குடும்பத்தார் கந்தூரி கொடுத்தார்கள். பெரிய பெரிய கவாலிச் சட்டிகளில் நெய்ச்சோறு, ஆட்டுக்கறி. நாங்கள் ஒதுங்கி நின்றதைப் பார்த்து மலாய்க்கார அம்மா ஒருத்தர், ஒரு மக்சிக், மண்டோரம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, "மக்கான், மக்கான்," சாப்பிடு சாப்பிடு, என்று உட்கார வைத்தார். தோட்டத்தில் அளந்து கொடுத்த சோற்றைத் தின்று பழகிய எங்களுக்கு, இலை காலியாகும் முன்பே மறுபடி சோறு விழுந்ததை நம்ப முடியவில்லை. போதும் என்று சொல்ல நாக்கு வரவில்லை. தின்றோம், அப்படித் தின்றோம். பிறகு தென்னை நிழலில் மலைப்பாம்பு மாதிரி கிடந்தோம். மண்டோரம்மா நேரத்தைக் கணக்குப் பண்ணித்தான் வைத்திருந்தார்: படகுக்கு இவ்வளவு, லாரிக்கு இவ்வளவு, வழியில் சோதனைக்கு இவ்வளவு. விசில் ஊதி எங்களை எழுப்பிப் படகில் ஏற்றியபோது பொழுது நிறையவே இருந்தது.

ஆனால் கடல் வற்றும் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. பனி பெய்தால் பால் எப்படி வரும், எந்த மேகம் மழையாகும் என்று கேளுங்கள், சொல்வோம். காலையில் இருந்த தண்ணீர் மாலையில் இருக்காது என்று கனவிலும் நினைத்ததில்லை. படகுக்காரரும் எங்களிடம் சொல்லவில்லை; சூரியன் மறையும் என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா? உம்பாய் கரை தெரிந்தது, படித்துறை தெரிந்தது, எங்கள் லாரியும் தெரிந்தது. நடுவில் தண்ணீருக்குப் பதிலாகக் கறுப்புச் சேறு, கண்ணுக்கு எட்டியவரை பளபளவென்று. படகு தரைதட்டி நின்றுவிட்டது. தண்ணீர் திரும்பி வரப் பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை நேரம் ஆகிவிடும், அதுவரை உட்காருங்கள் என்றார் படகுக்காரர், ரொம்பச் சாதாரணமாக.

மண்டோரம்மாவின் முகம் செத்துவிட்டது. மண்டோர் வேலை, வீடு, அத்தனை பேர் முன்னால் அந்த மனிதரின் மானம், எல்லாம் அந்தச் சேற்றில் கிடந்தன. கொஞ்ச நேரம்தான். பிறகு சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் சொருகினார். "காட்டுல அட்டைக் கடியில நிக்கறவளுகதானே? சேத்துக்கு என்னாடி பயம்? இறங்குங்கலா!" என்று சொல்லி முதலில் குதித்தார். தொடைவரை உள்ளே போனார். நாங்களும் குதித்தோம். ஒருத்தி முந்தானையை அடுத்தவள் பிடித்துக்கொள்ள, அவர் ஒரு விசில் ஊதினால் ஒரு கால் எடுத்து வைப்பது என்று சங்கிலியாக நடந்தோம். செருப்புகள் போன இடம் தெரியவில்லை. சேற்றில் மீன்கள் துள்ளித் துள்ளி ஓடுவதைக் கண்டு ஒருத்தி பேய் பேய் என்று அலறினாள். தடுமாறி முகம் குப்புற விழுந்து எழுந்தவளைப் பார்த்து எல்லோரும் சிரித்ததில் சங்கிலியே மொத்தமாக விழுந்தது. டிரைவர் அண்ணன் கயிற்றை வீசிக் கரையேற்றும்போது, யார் யார் என்று எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

லாரி பறந்தது. சோதனைச் சாவடியில் சோல்ஜர்கள் டார்ப்பாலினைத் தூக்கிப் பார்த்தார்கள். காய்ந்த சேறு வெடித்த முகங்களும், கிளம்பிய நாற்றமும். மூக்கைப் பிடித்துக்கொண்டு போ போ என்று கையாட்டினார்கள். அத்தனை சீக்கிரம் எங்களை யாரும் சோதித்து அனுப்பியதில்லை. ஆனாலும் பெடாஸ் தாண்டித் தோட்டத்து மண்சாலையில் திரும்பியபோது வெளிச்சம் மங்கிவிட்டது. மேடு ஏறினால்தான் வாசல் தெரியும். லாரி முக்கிக்கொண்டு ஏறியது. மண்டோரம்மா டிரைவர் தலைக்கு மேலே இருந்த கம்பியைப் பிடித்து எழுந்து நின்று, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து விசிலை ஊதினார். நிறுத்தவே இல்லை.

உள்ளே நடந்ததை என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். ஜாகா கதவில் கை வைத்துவிட்டான். அப்போதுதான் அந்தச் சத்தம். மண்டோர் விசில் கேட்டால் எங்கள் தோட்டத்தில் தூங்குகிறவனும் எழுந்து, பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து வரிசையில் நின்றுவிடுவான்; அத்தனை வருஷப் பழக்கம். குளித்துக்கொண்டிருந்தவன் ஈரத் துண்டோடு ஓடிவந்தான். பெரட்டுக் களம் வாசலை ஒட்டியே இருந்ததால் கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மண்டோர் நேரே போய் இரண்டு கதவுக்கும் நடுவில் நின்றார். நின்று, பெயர் கூப்பிட ஆரம்பித்தார். பெரட்டு நடக்கும்போது துரையே வந்தாலும் நின்று பார்ப்பாரே ஒழியக் குறுக்கே போக மாட்டார். மணியாகிவிட்டது என்று ஜாகா மலாயில் கத்தினான். "பெலும் ஹாபிஸ்," இன்னும் முடியவில்லை, என்றார் மண்டோர். அவர் குரல் உயர்ந்து ஊரார் கேட்டது அன்றுதானாம். ஆண்கள் பெயர் முடிந்தது. எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை நிறுத்தி நிறுத்திக் கூப்பிட்டார்.

லாரி மேடு ஏறியதும் நாங்கள் கேட்டது எங்கள் பெயர்களைத்தான். "இருக்கேன்!" என்று கத்தினேன். "இருக்கேன்! இருக்கேன்!" என்று லாரி முழுக்கக் கத்தியது. ஓடும் லாரியிலிருந்தே குதித்து, சேறும் கண்ணீருமாக வரிசையில் போய் நின்றோம். கடைசியாக ஒரு பெயர் மிச்சமிருந்தது. தினமும் பெரட்டில் மண்டோர் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார். ஒருமுறை மனைவி நிற்கும் பக்கம் பார்ப்பார், கணக்கெழுதும் கிராணி ஆள் வந்ததாகக் குறித்துக்கொள்வார். புருஷன் வாயால் அந்தப் பெயரை நாங்கள் கேட்டதே இல்லை. அன்று கூப்பிட்டார். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை, அது அவர் வாயில்தான் நன்றாக இருந்தது. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் மண்டோரம்மா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவர் எதிரே போய் நின்று, பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "வந்துட்டேன்" என்றார். மண்டோர் தலையாட்டிவிட்டு ஜாகாவைப் பார்த்தார். வாசல் சாத்தப்பட்டது.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு மண்டோரும் மண்டோரம்மாவும் ராசா ஊரிலிருந்த மகன் வீட்டோடு போய்விட்டார்கள். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம். அன்று லாரியில் இருந்தவர்களில் எனக்குத் தெரிந்து இப்போது நான் ஒருத்திதான்.

லங்காவியில் கப்பல் படியேறியபோது எங்களுக்குப் பின்னால் இன்னும் நீண்ட வரிசை இருந்தது. நேரமும் நிறைய இருந்தது. மகளுக்கு என் மேல் கோபம், எனக்கோ மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. வாசலில் நின்ற பையன் என் பயண அட்டையை வாங்கி இயந்திரத்தில் வைத்தான். அது 'பீப்' என்று ஊதியது. அதன் திரையில் என் பெயர் வந்தது. "வந்துட்டேன்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"யாருகிட்டமா சொல்றீங்க?" என்றாள் மகள்.