நீல விளக்கில் என் கட்டைவிரல்

இல்லை, கையுறை போடவில்லை. மறந்துவிட்டேன்.

நான் படித்த தென்காசிப் பள்ளியில் இன்று மதியம் என் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் பத்து நாள் பாடுபட்டு நான் பூசிய பூச்சு. புரதம் பட்ட இடம் மட்டும் நீல விளக்கில் பச்சையாக ஒளிரும். லேபில் பாதி நாள் மக்கர் செய்யும். இன்று பிள்ளைகள் முன்னால் முட்டை வெள்ளைக்கருவை ஒரு சொட்டு வைத்ததும் ஒளிர வேண்டுமே என்பதுதான் என் கவலை.

"வெறுங்கையால் தொட்டால் எல்லாம் போச்சு" என்று கால் மணி நேரம் முழங்கினேன். பிறகு தகட்டை எடுத்து வைத்து விளக்கைப் போட்டேன்.

முன்வரிசைப் பெண் எட்டிப் பார்த்தாள். "எக்கா, முட்டை வெள்ளக்கருவ இன்னும் வைக்கவே இல்லயே. அதுக்குள்ள எரியுது?"

தகட்டின் நடுவில், ரேகை ரேகையாக என் கட்டைவிரல்.

"மதியம் என்ன சாப்ட்டிய?" இது பின்வரிசை.

குற்றாலத்தில் பரோட்டா, கோழிச் சால்னா. கடையில் கொடுத்த பேப்பர் துண்டில் கையைத் துடைத்ததோடு சரி. சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, அக்கா கை கழுவலட்டி!"

"அதனால என்னட்டி, பூச்சு வேல செய்யுதுல்லா!"

கைதட்டினார்கள். பத்து நாள் வீணாகவில்லை.

ஆய்வேட்டில் இதை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நான் குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.