முதலிடத்தில் நான் வைத்த திருப்பதி

என் மகள் சிந்துவின் விருப்பப் பட்டியலை மாற்றியவள் நான்தான். அவளுக்குத் தெரியாமல்... அவள் குளித்துவிட்டு வருவதற்குள்!

இதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். என் கணவருக்குக்கூடத் தெரியாது.

இங்கே ஆந்திராவில் பொறியியல் சேர, கல்லூரிகளை விருப்ப வரிசையில் இணையத்தில் பதிய வேண்டும். வெப் ஆப்ஷன்ஸ் என்போம். மேலே உள்ள கல்லூரி கிடைத்துவிட்டால் கீழே இருப்பவற்றுக்கு வேலையே இல்லை. சிந்து விசாகப்பட்டினத்தை முதலில் வைத்திருந்தாள். பக்கத்திலிருக்கும் திருப்பதி ஒன்பதாவது.

பதிவு முடியும் நாள் காலை. ஓடிபி என் கைபேசிக்குத்தான் வரும். வந்தது. ஒன்பதாவதை முதலாவதாக்கிச் சேமித்தேன்.

ஏன் செய்தேன்? பதினேழு வயதுப் பெண், எங்கள் ஊர் பாகாலாவிலிருந்து அவ்வளவு தூரம், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது... இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவா?

எங்களுக்குள் விடிந்தால் சண்டை. தலை பின்னச் சண்டை, போனுக்குச் சண்டை. "ஹாஸ்டலுக்குப் போயிட்டா நிம்மதியா கீவேன், பாத்துக்கினே இரு!" என்பாள். அவள் நிம்மதியாக இருந்துவிடுவாளோ என்றுதான் பயந்தேன். நான் இல்லாமல்!

முடிவு வந்தது. திருப்பதி.

"என் ராங்க் பத்தலமா..." என்று என் மடியில் விழுந்து அழுதாள். பத்தும் என்று எனக்குத் தெரியும்! அவளுக்கும் கீழே ராங்க் வாங்கிய அவள் தோழி சிரீஷாவுக்கு விசாகப்பட்டினத்தில் இடம் கிடைத்திருந்தது.

"அவளுக்கு மட்டும் எப்டிமா வந்துச்சி?"

"ஏதோ கோட்டா கணக்கா இருக்கும்டி" என்றேன். முதல் பொய்க்குத் துணையாக இரண்டாவது.

அழுது ஓய்ந்ததும் மூக்கை என் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டு என்னைத் தேற்றினாள். "நீ ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சினு கீற? உங்கூட இன்னும் நாலு வருஷம் சண்ட போடணும்னு அந்த ஏழுமலையானே எழுதிட்டாரு, விடு!"

எழுதியவர் அவரா?

இப்போது இரண்டாம் ஆண்டு. தினமும் பாகாலாவிலிருந்து ரயிலில் போய்வருகிறாள். காலையில் அவள் தலை வாரிக்கொள்ளும்போதே தோசையைப் பிய்த்து வாயில் ஊட்டுகிறேன். "போதும், இன்னும் கொழந்தையா நானு?" என்று திட்டிக்கொண்டே வாயைத் திறக்கிறாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்... அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன வாரம் எதிர்வீட்டு ஹேமா, கல்லூரிப் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு சிந்துவிடம் யோசனை கேட்க வந்தாள். முதல் வரியில் விசாகப்பட்டினம்.

சிந்து பேனாவை எடுத்தாள். "இத அடிச்சிடு ஹேமா. உனக்கும் என் ராங்க் மாதிரிதானே? நமக்கெல்லாம் அங்க வராது. நானும் ஆசப்பட்டுத்தான் ஏமாந்தேன்."

நமக்கெல்லாம்... என் பெண்ணின் வாயிலா அந்தச் சொல்!

"அடிக்காதே!" என்று கத்திவிட்டேன். இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். "அவளுக்கு வரும். உனக்கும்... உனக்கும் வந்திருக்கும்டி!"

இதோ சொல்லிவிட்டேன் என்றே நினைத்தேன். அடுத்த வார்த்தை நாக்கில் நின்றது.

சிந்து எழுந்து வந்தாள். பின்னாலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு, தோளில் முகவாயை ஊன்றிச் சிரித்தாள். "பாத்தியா ஹேமா, எங்கம்மாவுக்கு எம்மேல எவ்ளோ நம்பிக்க!"

திறந்த வாயை என்ன செய்வது?

"காப்பி போடட்டுமா?" என்று கேட்டேன்.