காசிம் பாய் வீட்டுக் குப்பைக்கூடை

மும்பையில் மெதுவாக ஓடும் கம்ப்யூட்டர்கள் இருக்கும்வரை என் வீட்டில் அடுப்பு எரியும். செம்பூரில் இருந்துகொண்டு மாட்டுங்கா, தாராவி, ஆண்டாப் ஹில் என்று கூப்பிட்ட வீட்டுக்குப் போய், அங்கே இருக்கும் கம்ப்யூட்டரைத் துப்புரவு செய்து வேகமாக்கித் தருவது என் தொழில். நீங்களும் பட்டிருப்பீர்கள். ஒரு பைலைத் திறக்கச் சொல்லிவிட்டு, திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பீர்கள். யாரோ சொன்னார்கள் என்று க்ளீனர் ஒன்றை இறக்குவீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ஆயிரம் கோளாறு என்று அது சிவப்பு எழுத்தில் மிரட்டும். பயந்துபோய், 'சுத்தம் செய்' என்ற பச்சை பட்டனை அழுத்துவீர்கள். அடுத்தது எனக்கு போன்.

இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அந்தப் பச்சை பட்டனை வீட்டுக்காரரைக் கேட்காமல் நான் அழுத்தியதே இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தில் பாதி அதுதான்.

மேக்கர், செக்கர்

மாட்டுங்காவில் விசுவநாதன் மாமா. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் பாலக்காடு. கதவைத் திறந்ததும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மெக்கானிக் பின்னாடி வருகிறார் என்று நினைத்திருக்கிறார். மெக்கானிக் நான்தான் என்றேன். காபி வந்தது, சந்தேகம் போகவில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே நான்கு க்ளீனர்கள். ஒன்று கிளம்பியதும் மற்ற மூன்றும் சேர்ந்து கிளம்பி, ஒன்றை ஒன்று குப்பை என்று புகார் செய்துகொண்டிருந்தன. கம்ப்யூட்டருக்கு வேறு வேலை பார்க்க நேரமே இல்லை. நான்கையும் தூக்கிவிட்டு, கம்ப்யூட்டருடன் சும்மா வந்த க்ளீனரையே ஓடவிட்டேன். சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. எதற்கு மாமா நான்கு என்று கேட்டேன். மனிதர் அசரவில்லை.

"எங்க பேங்க்ல ஒருத்தர் போட்ட என்ட்ரியை இன்னொருத்தர் பார்த்து ஓகே பண்ணாம ஒரு பைசா நகராது. மேக்கர் ஒருத்தர், செக்கர் ஒருத்தர். அந்த வழக்கத்துல வெச்சேன்மா, இதுகள் இப்படி அடிச்சுக்கும்னு யார் கண்டா?"

வேகம் கூடிப் போனால்

எங்கள் செம்பூரிலேயே மகேஸ்வரி என்றொரு பெண், வீட்டில் இருந்தபடி ஆபீஸ் வேலை பார்ப்பவர். காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டுக் குக்கரை ஏற்றுவாராம். மூன்று விசில் வந்த பிறகுதான் அது பாஸ்வேர்டு கேட்குமாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆன் செய்ததும் தானாக எழுந்து உட்காரும் சில்லறை புரோகிராம்களை எல்லாம் நிறுத்தினேன். வருடக்கணக்காகச் சேர்ந்த தற்காலிகக் கோப்புகளைக் கழித்துக் கட்டினேன். மறுபடி ஆன் செய்தால், அரிசி களையும் முன்னே தயாராக நின்றது.

பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். மகேஸ்வரி கரண்டியும் கையுமாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ்ல கேட்டா கம்ப்யூட்டர் ஸ்லோ மேடம்னு சொல்லிட்டிருந்தேன். நாளையிலேருந்து என்னத்தச் சொல்றது மாலதி?"

துண்டுத் தோல்

இனி தாராவி. காசிம் பாய் மேலப்பாளையத்துக்காரர். தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். கீழே பட்டறை, ஏணி ஏறினால் மேலே வீடு. கம்ப்யூட்டர் மேலே இருக்கிறது. அவர் மகள் நஸ்ரின் அதில்தான் காலேஜ் பாடமும் படிக்கிறாள், வாப்பாவுக்குப் பைகளின் வரைபடமும் அளவு போட்டு வரைந்து தருகிறாள். ரொம்பவும் இழுக்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள்.

க்ளீனரை ஓட்டியதும், அழித்தவை போய் விழும் ரீசைக்கிள் பின் மூச்சுமுட்ட நிறைந்திருப்பதாகக் காட்டியது. காலி செய்யட்டுமா என்று கேட்டேன். காசிம் பாய் என் கையைப் பிடிக்காத குறை. விஷயம் இதுதான். பட்டறையில் வெட்டி மிஞ்சும் தோலை யாரும் வெளியே எறிவதில்லை. மூலையில் ஒரு கூடையில் கிடக்கும், பிறகு பர்ஸாகவோ சாவிக்கொத்தாகவோ மாறும். கம்ப்யூட்டரிலும் ஒரு கூடைப் படத்தைப் பார்த்ததும் மனிதருக்குச் சந்தோஷம். வியாபாரிகள் வேண்டாம் என்று தள்ளிய டிசைன்களை எல்லாம் வருடக்கணக்கில் அதில் போட்டுவைத்திருக்கிறார்.

கூடையைத் தொடாமல் மற்றதைச் சுத்தம் செய்தேன். அவற்றைத் தனி போல்டரில் எடுத்து வையுங்கள் என்றேன். ஹார்ட் டிஸ்க் பழசு, அதற்குப் பதில் எஸ்எஸ்டி என்ற புது வகை டிஸ்க் போட்டால் பறக்கும் என்றும் சொன்னேன். ஓடுகிற மெஷினை எதற்கு மாற்ற வேண்டும் என்று அதற்கு ஒரு சிரிப்பு. கூடை விஷயத்தில் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"துண்டுத் தோல எவனாவது குப்பையில கொட்டுவானா தங்கச்சி? இன்னைக்கு வேண்டாம்னு சொன்னவனே நாளைக்கு வந்து கேப்பான், பாத்துக்கிடுங்க."

கேட்டு வந்த சேட்

அப்படியே நடந்தது. மும்பைக் கோட்டைப் பகுதியில் பரிசுப் பொருள் கடை வைத்திருக்கும் ஒரு சேட், முன்பு தள்ளிவிட்ட ஒரு மடிப்புப் பைதான் இப்போது வேண்டும் என்று வந்து நின்றார். முந்நூறு பை. அளவுகளோடு வரைபடத்தை மறுநாள் காட்ட வேண்டும், இல்லையென்றால் வேறு பட்டறைக்குப் போய்விடுவார். மழைக்காலம் முழுக்கப் பட்டறையில் வேலை இல்லை. அங்கே தைக்கும் வடக்கத்திக் கைவினைக்காரர்கள் எட்டுப் பேரும் ஊருக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். போனால் திரும்பி வருவார்கள் என்று நிச்சயமில்லை. அவர்கள் இல்லாமல் பட்டறையும் இல்லை.

காசிம் பாய் மேலே போய்க் கூடையைத் திறந்திருக்கிறார். வெறும் கூடை. பக்கத்துக் கடை மொபைல் ரிப்பேர்காரர் உதவி செய்வதாக நினைத்து ஓசி க்ளீனர் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதெல்லாம் கூடையைப் பெருக்கித் தள்ளுவது அதன் வழக்கம். மாதிரிக்குத் தைத்த பை எங்கே என்றால், அதை எப்போதோ பிரித்து பர்ஸ் தைத்தாகிவிட்டது. தோல் வெட்ட வைத்திருந்த அட்டை அச்சு மழையில் ஊறிக் கூழாகியிருந்தது. மடிப்பின் அளவை நஸ்ரின் பல தடவை மாற்றி மாற்றி வரைந்திருந்தாள், கடைசி அளவு அவளுக்கு நினைவில்லை.

எனக்கு போன் வந்தது. நான் முதலில் சொன்னது, ஒயரைப் பிடுங்கு, நான் வரும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது என்பதுதான். நஸ்ரின் பிடுங்கிவிட்டு வந்து பேசினாள். குரல் இறங்கியிருந்தது.

"பிடுங்கிட்டேன் அக்கா. வாப்பா இங்கன வந்து உக்காந்துருக்காங்க. கீழ யார்ட்டயும் இன்னும் சொல்லல."

பழைய டிஸ்க்

ஏணி ஏறும்போதே எனக்கு நம்பிக்கை இருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அழிப்பது என்றால், வீட்டு வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையைக் கழற்றுவது மாதிரிதான். உள்ளே ஆள் இருப்பார். வேறு யாராவது குடிவந்தால்தான் காலி செய்வார். நான் போடச் சொன்ன புது எஸ்எஸ்டியில் அப்படி இல்லை, பலகை போன கையோடு வீட்டையும் துடைத்துவிடும். என் யோசனையை அவர் கேட்டிருந்தால் அன்று நான் வெறுங்கையோடு இறங்கியிருப்பேன். இதை அவரிடமும் ஒளிக்காமல் சொன்னேன்.

டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டி, மீட்கும் சாப்ட்வேரை ஓட்டினேன். படங்கள் பெயர் இல்லாமல் வெறும் எண்ணோடு வரும். நஸ்ரின் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கல்யாண போட்டோ வந்தது, காலேஜ் பாடம் வந்தது, கைப்பை வந்தது. அப்புறம் மடிப்புப் பை வந்தது, ஆனால் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம், அளவுகள் இருந்த பக்கம் போயிருந்தது. காசிம் பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பல தடவை வரைந்தாய் அல்லவா, எல்லாவற்றையும் சேமித்தாயா என்று நஸ்ரினைக் கேட்டேன். ஆமாம் என்றாள். அப்படியானால் இன்னும் வரும், பார்த்துக்கொண்டே இரு என்றேன்.

வந்தது. மடிப்பு, பட்டை, பித்தான், ஓரத்தில் அவள் போட்ட அளவுகள், எல்லாம் முழுசாக. கடைசியாக வரைந்தது அதுதான் என்று, பார்த்ததும் நினைவு வந்து அவளே சொன்னாள். காசிம் பாய் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏணி வாய்க்குப் போய்க் குனிந்து, பக்கத்துப் பட்டறைத் தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி கீழே இந்தியில் குரல் கொடுத்தார். என் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதை மறைப்பானேன்.

"ஏ பாய் லோக், ஊர் டிக்கெட் எல்லாத்தையும் கேன்சல் கரோ."

முக்கியம்

அந்த ஓசி க்ளீனரை அன்றே தூக்கி எறிந்தேன். மீட்ட படங்களை இரண்டு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் 'முக்கியம்' என்று ஒரு போல்டர் உண்டாக்கி, டிசைன்களை இனி இதில்தான் வைக்க வேண்டும் என்று அப்பா மகள் இருவரிடமும் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். முந்நூறு பையும் சேட் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. எட்டுப் பேரும் பட்டறையில்தான் இருந்தார்கள்.

பெருநாள் முடிந்து பிரியாணி சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பிட்ட கையோடு, பழக்க தோஷம், கம்ப்யூட்டரைத் திறந்தேன். 'முக்கியம்' போல்டரில் யாரோ இறக்கிய சினிமாப் பாட்டும், கைவினைக்காரர்கள் ஊருக்கு அனுப்ப எடுத்துக்கொண்ட செல்பிகளும் கிடந்தன. ஒரு டிசைன் இல்லை. ரீசைக்கிள் பின்னைத் திறந்தேன். புத்தம் புது டிசைன்கள் வரிசையாக இருந்தன. எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. காசிம் பாய் பல்குத்திக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"முக்கியம்னு எழுதிப்போட்டா வாரவன் போறவன் எல்லாம் தொறந்து பாக்கான். குப்பையில எவன் கைய வைக்கான், நீங்களே சொல்லுங்க தங்கச்சி."

இப்போதெல்லாம் நான் எந்த வீட்டுக்குப் போனாலும், கம்ப்யூட்டருக்கு என்ன கோளாறு என்று கேட்கும் முன்னே, குப்பைக்கூடையில் என்ன சேமித்து வைத்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டுவிடுகிறேன்.