பாவாயியின் நான்கு நிமிடம்

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண்மணி என்னை நான்கு நிமிடம் வாய் திறக்கவிடவில்லை.

நேரில் அல்ல. வாட்ஸ்அப்பில், ஒரு வாய்ஸ் மெசேஜில்.

எங்கள் கொல்லிமலையில் வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஒரு குரூப் இருக்கிறது. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் ஆரம்பித்தது. மலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன டாக்டர் என்று, மரியாதைக்கு என்னையும் சேர்த்திருக்கிறார்கள். குட்மார்னிங் ரோஜா வரும். வெங்காயத்தை முகர்ந்தால் வலிப்பு நிற்கும் என்று ஃபார்வர்டு வரும். அதையெல்லாம் மறுத்து எழுதுவதுதான் அங்கே என் உத்தியோகம் என்று நினைத்திருந்தேன்.

அன்று நர்ஸ் ஒரு கேள்வி போட்டார். "மாத்திரை போடறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்? யார் வேணாலும் சொல்லுங்க."

எங்கள் மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள்; வளப்பூர் நாட்டிலிருந்து பாவாயி பேசினார். அறுபது வயதைத் தாண்டியவர். எழுதத் தெரியாது. அதனாலென்ன, மைக் படத்தை அழுத்தத் தெரியுமே.

"எம்புள்ள சுமதிக்கு மூணு வேளை, சோறு தின்னதுக்கப்புறம் மாத்திரைன்னு டாக்டரு குடுத்தாருங்க. வெறும் வயித்துல போட்டா புண்ணாக்கிப்போடும், போடவே கூடாதுன்னாருங்க. நாங்க காலையில தின்னுபோட்டுக் காட்டுக்குப் போனா, பொழுதெறங்கித்தான் அடுப்புப் பத்தவைக்கறது. சோறு ரெண்டு வேளை. அப்ப மாத்திரையும் ரெண்டு வேளைதானுங்களே?"

அந்த டாக்டர் நான்.

பாவாயி பெயர் சொல்லவில்லை. நான் குரூப்பில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

இருபது வருடம் இருக்கும். சுமதி அப்போது பிளஸ் ஒன். பத்தாவதோடு பள்ளிக்கூடச் சத்துணவு முடிந்துவிடும். அதன்பின் மத்தியானம் அவளுக்கும் ஒன்றும் கிடையாது, வீட்டில் மற்றவர்களைப் போல. இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அன்று கண்ணில் பட்டதெல்லாம் அட்டையில் மிச்சமிருந்த மாத்திரைகள்தான்.

மகளை வைத்துக்கொண்டே தாயைக் கேட்டேன். "பெத்த புள்ளைக்கு மாத்திரை குடுக்கக்கூட உனக்கு நேரமில்லையா?"

அவர் ஏதோ சொல்ல வந்தார். "பேசாதே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இந்த அம்மாளை நம்பிப் பயனில்லை என்று முடிவுகட்டி, இரவு மாத்திரையின் அளவை ஏற்றினேன். வலிப்பு குறைந்தது. ஆனால் பெண் வகுப்பில் தூங்கி விழ ஆரம்பித்தாள். பிளஸ் டூவுக்குப் போகவேயில்லை.

மெசேஜின் கடைசியில் பாவாயி சொன்னார்: "கோவம் வந்தா இன்னிக்கும் எம்புள்ள, உன்னாலதான் எம்படிப்புப் போச்சுன்னு சொல்லுவா. மெய்தானுங்க. என் தப்புதான்."

நேரில் என்றால் பத்தாவது நொடியில் வெட்டியிருப்பேன். வாய்ஸ் மெசேஜை எங்கே வெட்டுவது? வேகத்தைக் கூட்டலாம்... உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், முதலில் கூட்டித்தான் ஓட்டினேன். பாதியில் கை நின்றது. பழையபடி மெதுவாக வைத்து, முதலிலிருந்து கேட்டேன்.

சோஷியல் மீடியாவால் நோயாளிகள் கெட்டுப்போகிறார்கள் என்று இதே பத்திரிகைப் பத்தியில் நான் எழுதியிருக்கிறேன். உங்களில் சிலர் பாராட்டவும் செய்தீர்கள். வெங்காய ஃபார்வர்டு தப்புதான். ஆனால் அதைப் பிடிக்கத் தெரிந்த எனக்கு, என் மருந்துச் சீட்டில் இருந்த தப்பைக் காட்ட ஒருவருக்கு இருபது வருடமும் ஒரு செல்போனும் தேவைப்பட்டிருக்கிறது.

பதில் பேசினேன். அழித்தேன். அதில் மருந்தின் குணத்தை விளக்கியிருந்தேன். மறுபடி பேசினேன். அதில் அந்நாளைய கூட்டத்தைக் காரணம் காட்டியிருந்தேன். அதையும் அழித்தேன். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்:

"பாவாயி, அந்த டாக்டர் நான்தான். நான் சொன்னதை நீங்க அப்படியே செஞ்சீங்க. எத்தனை வேளை சாப்பிடுவீங்கன்னு நான் கேக்கல. தப்பு என்னோடது. உங்க மேல ஒண்ணுமே இல்ல."

குரூப்பிலேயே போட்டேன். திட்டியது நாலு பேர் முன்னால்தானே?

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "டாக்டருங்களா... நல்லாருக்கீங்களா சாமி? எனக்குச் சொன்னா மட்டும் பத்தாதுங்க. ஞாயித்துக்கெழமை சுமதி இங்க எங்கூட்டுக்கு வாரா. அவகிட்ட ஒருக்காச் சொல்லிப்போடுங்க. நாஞ்சொன்னா நம்பமாட்டா."

பஸ் பிடித்துப் போனேன். வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. சுமதிக்கு என்னை அடையாளம் தெரிந்தது, முகம் மலரவில்லை. தாயையும் மகளையும் உட்காரவைத்து, குரூப்பில் சொன்னதையே மறுபடி சொன்னேன். அளவை ஏற்றியது, அவளுடைய தூக்கம், அவளுடைய படிப்பு — அதையும் சேர்த்துச் சொன்னேன்.

சுமதி மிளகைப் பார்த்தபடியே கேட்டாள். "அப்ப எங்கம்மா சோம்பேறித்தனத்துல மாத்திரைய உட்டுப்போடலீங்களா?"

"இல்லம்மா. நான் சொன்னபடிதான் குடுத்தாங்க."

தாயின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, அன்னிக்கே இதச் சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான் போனேன் கண்ணு. பேசாதேன்னுட்டாரு."

சுமதி எழுந்து போய்த் தாயை ஒட்டி உட்கார்ந்தாள். அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"இத்தன வருசம் எங்கம்மாவத் திட்டிப்போட்டேன். இனிமே உங்களத் திட்டிக்கறேனுங்க."

"திட்டு கண்ணு" என்றேன்.

பாவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வயசாயிருச்சு பாரு அவருக்கு. பாத்துத் திட்டு கண்ணு."

எனக்காகப் பரிந்து பேசியது யார் என்று கவனித்தீர்களா?